வலது காலில் வைத்த தகடு

கொழும்பு ஒருகொடவத்தையில் கொன்டெய்னர் லொறி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு இராமரின் முகத்தைத் தெரியாது, கால்களைத்தான் தெரியும். எந்த நேரமும் ஏதோ ஒரு லொறிக்கு அடியிலிருந்து அவை நீட்டிக்கொண்டிருக்கும். இடது செருப்பின் அறுந்த வார் செம்புக் கம்பியால் தைக்கப்பட்டிருக்கும். பிரேக்கில் குறை என்று வருகிறவர்கள் குனிந்து முகத்தைத் தேடுவதில்லை. அந்தச் செருப்பைப் பார்த்தே பேசத் தொடங்குவார்கள். பதிலும் அங்கிருந்தே வரும்: "சாவியக் குடுத்துட்டுப் போய் டீ குடிங்க. நா சொல்ற வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க."

வயது நாற்பத்தொன்பது. அதில் இருபத்தெட்டு வருடம் பிரேக் குழாய்களோடு போயிற்று. ஜிந்துப்பிட்டியில் கோவில் சந்துக்குப் பின்னால் மாடியில் ஓர் அறை. அங்கே அவரும் மனைவி யோகேஸ்வரியும். இராமர் என்று சாமிப் பெயரை வைத்துக்கொண்டு எதிரே இருக்கும் கோவிலுக்குள் ஒருநாளும் போகாதவர் என்பதால் சந்தில் அவரைப் பற்றிப் பேச நிறைய இருந்தது. யோகேஸ்வரிக்கு அவர்மேல் ஒரே ஒரு குறைதான்: "எங்க அக்கா மக கல்யாணத்துக்குனு ஆசையா ஒரு கியூடெக்ஸ் வாங்கினேன். என் நகத்துல ஒரு நாள் இருந்திச்சு. மிச்சமெல்லாம் இவரு லொறிக்குப் பூசிட்டாரு."

பூசத்தான் செய்தார். ஒரு நட்டை இறுக்கி முடித்ததும், சட்டைப் பையிலிருந்து அந்தச் சிவப்புக் குப்பியை எடுத்து, நட்டின் தலையிலிருந்து கீழே கிளிப்வரை மெல்லிய கோடொன்று இழுப்பார். காய்ந்தபின் யாராவது அந்த நட்டைக் கால் சுற்றுத் திருப்பினாலும் கோடு இரண்டாக உடைந்து நிற்கும். உடையாத கோடு என்றால் இராமர் விட்டபடி இருக்கிறது. உடைந்த கோடு என்றால் வேறொரு கை பட்டிருக்கிறது. லொறிக்காரர்கள் காலையில் சக்கரத்தைச் சுற்றி வரும்போது வேறு எதையும் பார்க்காமல் விட்டாலும் அந்தக் கோட்டைப் பார்ப்பார்கள்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. இராமருக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில், கொழுந்துக்காரப் பெண்களை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வந்த தோட்டத்து லொறி நிற்காமல் போய்ப் பள்ளத்தில் விழுந்தது. மூன்று பெண்கள் செத்தார்கள். ஒருத்தி இராமரின் அம்மா. அம்மனுக்கு நேர்ந்த கிடாயை அந்த வருடம் வெட்டாததுதான் காரணம் என்று கங்காணி சொன்னார். கடவுள் செயல் என்று தோட்ட நிர்வாகம் கடிதத்தில் எழுதிக் கொடுத்தது. மூன்றாம் நாள் சிறுவன் பள்ளத்தில் இறங்கி, கவிழ்ந்து கிடந்த லொறியின் வயிற்றைப் பார்த்தான். பிரேக் குழாய் ஒரு போல்ட்டின் தலையில் உராய்ந்து உராய்ந்து, அந்த இடம் மட்டும் வெள்ளிபோல் மினுங்கிக்கொண்டிருந்தது. நடுவில் ஓட்டை. குழாயை அந்த போல்ட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பிடிக்க ஒரு கிளிப் போதும். அந்தக் கிளிப் இருந்த இடத்தில் யாரோ சணல் கயிறு கட்டியிருந்தார்கள். கயிறு இற்றுப் போயிருந்தது. கடவுளின் செயல் எத்தனை பெரியது என்று அன்றைக்கே அவருக்குத் தெரிந்துவிட்டது: ஒரு மிளகளவு.

விமானம் வந்தது போன வருடம். ஒஸ்வால்ட் என்பவருக்கு அந்தப் பக்கத்தில் ஒரு கொன்டெய்னர் யார்ட் இருந்தது. வீடு கொட்டாஞ்சேனையில், கோவிலும் தேவாலயமும் ஒன்றையொன்று மணியால் அதட்டிக்கொள்ளும் தெருவில். ஐம்பத்தைந்து வயது, நல்ல உடம்பு, சிரித்தால் யார்ட் முழுக்கக் கேட்கும். ஆளை வெறுக்கச் சட்டென்று காரணம் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக உதிரிகளை இறக்கி, வீட்டிலேயே பொருத்திப் பூட்டி எடுக்கும் இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றை அவர் வாங்கியிருந்தார். யார்ட்டின் பின்பக்கத்துக் கூடத்தில் அது எலும்புக்கூடாக நின்றது.

இப்படியான விமானத்துக்கு ஒரு விதி இருந்தது. வேலையில் பாதிக்கு மேல் சொந்தக்காரர் தன் கையால் செய்திருக்க வேண்டும். அதற்குச் சாட்சியாக ஒரு பதிவுப் புத்தகம். இன்ன திகதி, இன்ன வேலை, செய்தவர் பெயர், கூடவே ஒரு படம். ஒஸ்வால்டின் புத்தகத்தில் நூற்றைம்பது பக்கத்துக்கு மேல் நிரம்பியிருந்தது. எல்லாப் பக்கத்திலும் செய்தவர் ஒஸ்வால்ட். செய்தவர்களோ லொறி வெல்டரும் கிரேன் ஒபரேட்டரும் பெயின்ட் அடிக்கிறவரும். வேலை முடிந்ததும் முதலாளி வந்து, ஸ்பானரை வாங்கிப் பிடித்து, முகத்தை நிமிர்த்துவார். மகள் படம் எடுப்பாள். அதன்பின் ஸ்பானரைத் திருப்பிக் கொடுப்பார்.

பிரேக்கை மட்டும் உண்மையாகவே தானே செய்ய வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை வந்தது. செய்தார். விமானத்தின் சக்கரங்களைத் தாங்குபவை இரண்டு தட்டையான எஃகுக் கால்கள். அதில் மேலிருந்து சக்கரம்வரை பிளாஸ்டிக் குழாயை வீணைத் தந்திபோல் இழுத்து, ஒரு சாணுக்கு ஒன்றாகப் பிளாஸ்டிக் டையால் கட்டிவிட்டு, இராமரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"எப்படி மேன்? நீட்டா இருக்கா இல்லையா?"

இராமர் குந்தியிருந்து கீழிருந்து மேலாகப் பார்த்தார். "நீட்டாத்தாங்க இருக்கு, மொதலாளி. அதுதாங்க பயமா இருக்கு."

"என்ன பயம்?"

"ஒரு தடவ ஏறி உக்காருங்க. உக்காந்து குலுங்குங்க."

ஒஸ்வால்ட் ஏறி, சிரித்துக்கொண்டே குலுங்கினார். எஃகுக் கால் வில்போல் வளைந்து விரிந்தது. குழாய் விரியவில்லை; மேல் டை ஒன்று பட்டென்று தெறித்து அவருடைய மகளின் காலடியில் விழுந்தது.

"எறங்குறப்போ கால் விரியும். குழா விரியாது. ஒண்ணு குழா இழுபடும், இல்ல டை அறுந்து குழா டயர்ல போய்ச் சிக்கும். கீழ டிஸ்க்கப் பிடிக்கிற காலிப்பர் வேற பேட் தேயத் தேய நகரும். அங்க ஒரு சுத்து லூசா விடணும். டிஸ்க் சூடாகும், அதுக்குக் கிட்ட போகக் கூடாது. காலுல தொளையும் போடக் கூடாது. வில்லுல தொளை போட்டா அந்த எடத்துலயே வெடிக்கும்."

ஒஸ்வால்ட் இறங்கி, அங்கு நின்ற நாலு பேரையும் பார்த்துக் கையை விரித்தார். "பாத்தீங்களா டோய்? தோட்டத்தில கொழுந்து நுள்ளின கை, எனக்கு ஏரோப்ளேன் படிப்பிக்குது!"

எல்லாரும் சிரித்தார்கள். இராமரும் சிரித்திருக்கலாம். "கொழுந்து நுள்ளுனது எங்கம்மாங்க," என்றார். "நா அவங்க வந்த லொறியோட பிரேக்கப் பாத்தவன்."

சிரிப்பு நின்றது. ஒஸ்வால்ட் அவருடைய தோளில் தட்டினார். "சரி சரி, கோவிக்காத மேன். நீயே செய்."

மூன்று நாள் எடுத்தது. காலைத் துளைக்காமல், அதைச் சுற்றி மெல்லிய எஃகுப் பட்டி. பட்டிக்கு அடியில் ரப்பர். பட்டியின் பின்பக்கத்தில் ஒரு கிளிப், அதன் உட்புறம் முழுக்க ரப்பர், அந்த ரப்பருக்குள் குழாய். ஒரு காலுக்கு மூன்று கிளிப். குழாயை இழுத்துப் பிடிக்கவும் இல்லை, ஆடவும் விடவில்லை. இடுப்பில் குழந்தையை வைத்திருக்கிறவள் எவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பாளோ அவ்வளவு. கீழே டிஸ்க்கிலிருந்து விலகி ஒரு சுற்று. ரப்பரும் கிளிப்பும் யார்ட் வாசலில் ஹோஸ் கடை வைத்திருக்கும் ஷரீப் நானாவிடம் வாங்கியவை. யார்ட்டில் தேநீர் போட்டுக் கூட்டிப் பெருக்கும் வெள்ளையம்மா மூன்று நாளும் பால் இல்லாத பிளேன்டீயைக் கொண்டுவந்து அவருடைய செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "ஏம்ப்பா, இது மெய்யாவே பறக்குமா?" என்று கேட்டாள். அவளும் தோட்டத்திலிருந்து வந்தவள், அறுபதை நெருங்கியவள், கணவன் செத்துப் பத்து வருடம்.

"பறக்கிறது இஞ்சின் பாடு. நிக்கிறதுதான் நம்ம பாடு," என்றார் இராமர்.

கடைசியில் ஆறு நட்டுக்கும் ஆறு சிவப்புக் கோடு. ஒஸ்வால்ட் வந்து ஸ்பானரை வாங்கிப் பிடித்தார். மகள் படம் எடுத்தாள். படத்தில் ஓரமாக விழுந்த இராமரின் கையை வெட்டிவிட்டு அதைப் புத்தகத்தில் ஒட்டினார்கள். செய்தவர்: ஒஸ்வால்ட்.

அதுவரைக்கும் இராமருக்கு அருவருப்பு ஒன்றுமில்லை. பெயர் போடாமல் வேலை வாங்கும் ஊரில் அவர் பிறந்து வளர்ந்தவர்.

ஆயுத பூசை வந்தது. யார்ட்டில் அது பெரிய நாள். லொறிகளைக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் அப்பி, சக்கரத்துக்கு ஓர் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். ஒஸ்வால்ட் கத்தோலிக்கர், ஆனால் பாதுகாப்பு என்று வந்துவிட்டால் அவர் எந்தக் கடவுளையும் ஒதுக்குகிறவர் அல்ல. விமானத்தின் கண்ணாடிக்குப் பக்கத்தில் அந்தோனியார் பதக்கம் தொங்கியது. சுக்கானில் புத்த பன்சலையிலிருந்து பிக்கு ஓதிக் கொடுத்த வெள்ளைப் பிரித் நூல் சுற்றியிருந்தது. இருக்கைக்கு அடியில் யாரோ ஒரு லெப்பை ஓதிக் கொடுத்த தாயத்து. சனிக்கிழமை மாலை வெள்ளவத்தையிலிருந்து ஒரு சாமியார் வேனில் வந்துபோனார் என்று திங்கட்கிழமையில்தான் இராமருக்குத் தெரியவந்தது. பூசை ஞாயிற்றுக்கிழமை. யார்ட்டுக்குள் கொன்டெய்னர் ஓடாத நாள் என்பதால், விமானத்தை முதல்முறை உருட்டிப் பார்ப்பதும் அன்றைக்கே. நேரம் குறித்தாயிற்று: காலை பத்து நாற்பத்திரண்டு.

இராமர் ஒன்பதரைக்கே வந்துவிட்டார். ஓடுவதற்கு முன் ஆறு கோட்டையும் பார்த்துவிட வேண்டும். விமானத்தின் கால்கள் தெரியவில்லை. சக்கரத்திலிருந்து மேலே வயிறுவரை செவ்வந்தி மாலை சுற்றியிருந்தார்கள். இருநூறு பேர் கூடியிருந்தார்கள். அவர் குனிந்து வலது பக்கத்து மாலையை விலக்கக் கையை நீட்டினார்.

"ஏய் ஏய்!" என்றார் பூசாரி. "பூச வச்ச பொருளு. இனிமே ஓட்டுறவரத் தவிர யாரும் கை வைக்கப்படாது."

"ஒரு நிமிசங்க. நட்டப் பாத்துட்டு விட்டுர்றேன்."

"நட்டையெல்லாம் ஆண்டவன் பாத்துக்குவான், நீ தள்ளு."

வலது சக்கரத்தின் அடியில், சந்தனப் பொட்டுக்குக் கீழே, சிவப்பாக ஒரு சொட்டு நின்றது. இராமர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு சொட்டு விழுந்தது.

"அது என்னாங்க?"

"குங்குமத் தண்ணி. வேறென்ன?"

இருபத்தெட்டு வருடமும் பிரேக் எண்ணெய் என்றால் அவருக்கு வெளிர் மஞ்சள். லொறிக்கு அதுதான். இந்த விமானத்துக்கு மட்டும் சிவப்பு எண்ணெய் என்பதும், அதை ஊற்றியது தன் கைதான் என்பதும், அவருடைய புத்திக்கு எட்ட இரண்டு மூச்சு பிந்திவிட்டது. தொட்டு முகர்ந்தால் தெரிந்துவிடும். மறுபடி குனிந்தார். யாரோ சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்கள். "நேரம் போகுது மேன், விடு!" என்று ஒஸ்வால்ட் மேலே ஏறி உட்கார்ந்தார். மேளம் தொடங்கியது. இராமர், "மொதலாளி, எண்ணெ!" என்று கத்தியது இஞ்சின் சத்தத்தில் போயிற்று.

இரண்டு மூச்சு. அதை அவர் இன்றுவரை தனக்கு மன்னிக்கவில்லை.

வெள்ளையம்மாவும் கூட்டத்தில் முன்னால்தான் நின்றிருந்தாள். பூசாரியின் உதவியாள் பார்த்துவிட்டான். "ஆயா, நல்ல காரியம் நடக்குது. தாலி இல்லாதவ முன்னால நின்னா எப்பிடி? அந்தக் கடைசிக்குப் போ." அவள் முந்தானையை இழுத்துக்கொண்டு, இரண்டு வரிசைக் கொன்டெய்னர்களுக்கு நடுவே நடந்து, மறுகோடியில் இடப்பக்க மூலையில் போய் நின்றாள். விமானம் உருண்டுபோய்த் திரும்ப வேண்டிய இடம் அதுதான்.

விமானம் எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு நகர்ந்தது. கைதட்டல். ஓடும் மனிதனின் வேகத்தில் நேராகப் போனது. மறுகோடியில் நிறுத்தித் திருப்புவதற்காக ஒஸ்வால்ட் இரண்டு பிரேக்கையும் அழுத்தினார். இடது சக்கரம் பிடித்தது. வலது பிரேக் வெறும் காற்றாகக் கீழே போயிற்று. ஒரு காலைப் பிடித்து இழுத்ததுபோல் விமானம் இடப்பக்கம் சுழன்று, கொன்டெய்னரில் இறக்கையை மோதி நின்றது. இறக்கைக்கும் கொன்டெய்னருக்கும் இடையில் வெள்ளையம்மா.

உயிர் போகவில்லை. வலது தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. அவளைத் தூக்கி வேனில் ஏற்றுவதற்குள்ளாகவே கூட்டம் காரணம் கண்டுபிடித்துவிட்டது. "மூளி முகத்தில முழிச்சா வேறென்ன நடக்கும்?" என்றாள் ஒருத்தி. வேனில் கிடந்தவள் அதைக் கேட்டாள். கேட்டுத் தலையை ஆட்டினாள். ஆமாம் என்று.

கூட்டம் வேனைச் சுற்றி நின்றபோது இராமர் விமானத்தின் வலது காலிலிருந்த மாலையைப் பிய்த்து எறிந்தார். மேல் கிளிப்பில் கோடு முழுசாக இருந்தது. கீழ்க் கிளிப்பிலும் அப்படியே. நடுக் கிளிப்பில் கோடு உடைந்து, நட்டிலிருந்த பாதி ஒரு பக்கமும் கிளிப்பிலிருந்த பாதி மறுபக்கமும் பார்த்துக்கொண்டிருந்தன. கிளிப்புக்குள் ரப்பரைக் காணவில்லை. ரப்பர் இருந்த இடத்தில், தீப்பெட்டி அகலத்தில், கட்டமும் எழுத்தும் கீறிய ஒரு செப்புத் தகடு. அதன் விளிம்பு குழாயைக் கத்திபோல் அறுத்திருந்தது. சிவப்பு எண்ணெய் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. தகட்டிலும் குங்குமம் வைத்திருந்தார்கள். எது எதுவென்று பிரிக்க முடியாதபடி இரண்டும் ஒன்றாகக் குழைந்திருந்தன.

பிரேக் எண்ணெயின் நாற்றத்தில் இருபத்தெட்டு வருடம் சோறு தின்ற மனிதர், கொன்டெய்னருக்குப் பின்னால் போய் அந்தக் கையை மூன்று தடவை கழுவினார்.

திங்கட்கிழமை ஒஸ்வால்ட் அவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். கையில் சிறு கட்டு. சிரிப்பு இல்லை.

"தகடு வச்சது யாருங்க?" என்று இராமர்தான் முதலில் கேட்டார்.

"நான்தான். அது காவலுக்கு மேன். இரும்பில நேரா படவேணும் எண்டு சாமி சொன்னவர். றப்பர் கரண்டைத் தடுக்கிறது போல சக்தியையும் தடுக்குமாம். அதாலதான் றப்பரைக் கழட்டினனான்."

பல்கலைக்கழகத்தில் படித்தவர். கப்பலில் வரும் ஆயிரம் பொருளுக்கு ஆயிரம் படிவம் நிரப்பத் தெரிந்தவர். ஒரு குழாய் ஏன் ரப்பருக்குள் இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. ரப்பர் சக்தியைத் தடுக்கும் என்பது மட்டும் அறிவியல்போலக் காதில் விழுந்திருக்கிறது. இராமர் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒஸ்வால்ட் தட்டெழுதிய ஒரு தாளைத் தள்ளினார். "வெள்ளையம்மாவுக்குக் காயம் பட்டதால பொலிஸ் விசாரிக்கும். இதில கையெழுத்து வை. சனிக்கிழமை எனக்குத் தெரியாம நீ வந்து வலது பக்கப் பிரேக்கைக் கழட்டிப் பூட்டினாய் எண்டு மட்டும்தான் இருக்கு. தெரியாமல் நடந்த பிழை. உன்னை யாரும் தூக்கில போட மாட்டினம். நான் பாத்துக்கொள்ளுறன்."

"சனிக்கெழம நா இங்க வரவே இல்லீங்களே."

"அது எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். வேற யாருக்கு மேன் தெரியவேணும்? புத்தகத்தில என்ர பேர் இருக்கு. நான் செய்த பிரேக் பிழையாப் போச்சுது எண்டால் இந்த ப்ளேன் ஒருநாளும் பறக்காது. அஞ்சு வருசக் கனவு மேன்."

"வெள்ளையம்மா ஒருநாளும் நடக்காதுன்னா?"

"அது அவளின்ர விதி."

இராமர் தாளை மடிக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. எண்ணெய்க் கை படாமல் விரல் முட்டியால் அதைத் திருப்பித் தள்ளிவிட்டு எழுந்தார்.

வாசலில் ஷரீப் நானா காத்திருந்தார். ஹோஸ் சுருள்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "இராமர், நான் ஒண்டு செல்றேன், கோவப்படாமக் கேளுங்க. அந்தப் பொஸ்தகத்தில ஒங்கட பேர் எங்கயாச்சும் ஈக்கா?"

"இல்ல நானா."

"போட்டோவில?"

"கைய வெட்டிட்டாங்க."

"பொறகென்ன? அல்லாட காவல்! நான் அந்த ப்ளேன்ல கையே வெக்கல்லண்டு செல்லுங்க. அந்த ஆள்ட பொஸ்தகமே ஒங்களுக்குச் சாட்சி. வாயத் தொறக்காம இருந்தா நீங்க தப்பிச்ச."

யோசித்தால் நானா சொன்னது சரி. பெயரை மறைத்த பொய்யே இப்போது அவரைக் காக்கும். பேசாமல் இருந்தால் போதும். ஆனால் அந்த ஆறு கிளிப்பும்? ஐந்து இப்போதும் விட்டபடி இருக்கின்றன. அவற்றைத் தான் போடவில்லை என்று சொல்ல வேண்டும். அதைவிட இன்னொன்று இருந்தது. அவர் வாயைத் திறக்காவிட்டால் யார்ட்டில் மிஞ்சப்போவது ஒரே ஒரு காரணம்தான்: தாலி இல்லாதவள் பார்த்துவிட்டாள்.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனார். வெள்ளையம்மாவின் காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் அழுதாள்.

"நா வந்திருக்கப்படாதுப்பா. வீட்டோட கெடந்திருக்கணும். என் கண்ணு பட்டுத்தான் தொரையோட ப்ளேன் ஒடஞ்சு போச்சு. அவருகிட்ட நா மன்னிப்புக் கேட்டேனு சொல்லு."

"தகடு குழாய அறுத்திருச்சு, வெள்ளையம்மாக்கா. நா கண்ணால பாத்தேன்."

"அப்பிடிச் சொல்லாத. சாமி தகட்டப் போய்… நாக்கு அழுகிரும்."

"ஒங்கள அங்க போய் நிக்கச் சொன்னது யாரு?"

அவள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஏழர நடக்குதுப்பா எனக்கு," என்றாள்.

காலை முறித்துவிட்டு, மன்னிப்பையும் அவளையே கேட்கவைக்கிறார்கள். அதுவும் யாரும் மிரட்டாமல், தானாகவே கேட்கும்படி. இராமர் கொண்டுபோன தோடம்பழத்தை உரித்து, சுளை சுளையாக அவளுடைய கையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். பஸ் ஏறவில்லை. ஜிந்துப்பிட்டிவரை நடந்தார். வீட்டில் யோகேஸ்வரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அரிசியில் கல் பொறுக்கினாள்.

"ஒருகொடவத்தையில இனி வேல குடுக்க மாட்டாங்க," என்றாள்.

"ம்."

"அந்தக் கிளிப்ப நீங்க ஒழுங்காத்தானே போட்டீங்க?"

"ஒழுங்காத்தான்."

"அப்ப அதப் போய்ச் சொல்லுங்க. என் கியூடெக்ஸயும் சேத்துச் சொல்லுங்க."

மறுநாள் பொலிஸ் நிலையத்தில் சார்ஜன் ஒருவர் இருந்தார். வேண்டிய அளவு தமிழ் தெரிந்த, வேண்டாத அளவு களைத்த மனிதர். மணிக்கட்டில் அழுக்கேறிய வெள்ளைப் பிரித் நூல். விசாரணைக்காக யார்ட்டிலிருந்து நட்டோடு கழற்றிக் கொண்டுவந்த கிளிப், அறுந்த குழாய்த் துண்டு, தகடு மூன்றும் மேசையில் ஒரு பழைய செய்தித்தாள்மேல் கிடந்தன. பதிவுப் புத்தகமும் இருந்தது.

"புத்தகத்தில ஒங்கட பேர் இல்லே," என்றார் சார்ஜன். "நீங்க ஏன் வந்தது?"

"செஞ்சது நாங்க சேர்."

"அய்யோ, அப்ப ஒங்களுக்குத்தானே பிரச்சின?"

"செஞ்சத செஞ்சேன்னு சொல்றேன். ஆறு கிளிப்பு போட்டேன். போட்ட நட்டுக்கெல்லாம் கோடு இருக்கு. அஞ்சு கோடு ஒடையல. ஒண்ணு ஒடஞ்சிருக்கு. ஒடச்சவரு யாருன்னு அவரே என்கிட்ட சொன்னாரு. அதையும் எழுதிக்கங்க."

சார்ஜன் கிளிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடைந்த கோட்டின் இரண்டு பாதியையும் விரலால் பொருத்திப் பார்த்தார். "மேக்க ஹொந்தாய்னே," இது நல்லாயிருக்கே என்று சிங்களத்தில் தனக்குள் சொல்லிக்கொண்டார். இராமர் நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்ல அரை மணி நேரம் எழுதினார். எழுதி முடித்துத் தாளைத் திருப்பிக் கையெழுத்துக்குக் காட்டினார்.

லொறிப் பலகைகளில் படித்த சிங்களம் இராமருக்கு இருந்தது. எழுத்துக்கூட்டி வாசித்தார். கிளிப் இருந்தது. கோடு இருந்தது. ஒஸ்வால்ட் இருந்தார். தாலி இல்லை என்று ஒரு பெண்ணை மூலைக்கு அனுப்பியதும் இருந்தது. குழாயை அறுத்தது மட்டும் "ஏதோ ஓர் உலோகத் துண்டு" என்று இருந்தது.

"சேர், இது ஏதோ துண்டு இல்லீங்க. தகடு. யந்திரத் தகடு."

"அது எதுக்கு? சாமி விசயம். துண்டுண்டாலும் ஒண்டுதான்."

"ஒண்ணு இல்லீங்க. துண்டுன்னா எங்கயிருந்தோ தானா வந்து விழுந்த மாதிரி இருக்கு. இது ரப்பரக் கழட்டிட்டுக் கையால வச்சது. அத எழுதாம நா கையெழுத்து வைக்க மாட்டேன்."

சார்ஜன் பேனாவை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். பக்கத்து மேசைக் கொன்ஸ்டபிளும் திரும்பிப் பார்த்தார். "ஒங்களுக்கு வேற வேல இல்லியா?" என்று சார்ஜன் கேட்டார்.

"இன்னையிலயிருந்து இல்லீங்க."

அதைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேனாவை எடுத்து, அந்தச் சொல்லை அடித்து, மேலே எழுதினார். இராமர் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தார். யந்திரத் தகடு. கையெழுத்து வைத்தார்.

சார்ஜன் ஓர் உறையைத் திறந்து கிளிப்பை உள்ளே போட்டார். குழாயைப் போட்டார். தகட்டுக்கு மேல் போன கை அங்கேயே நின்றது. கொன்ஸ்டபிளைப் பார்த்தார். கொன்ஸ்டபிள் ஜன்னலைப் பார்த்தார்.

இராமர் குனிந்து, இரண்டு விரலால் தகட்டை எடுத்து உறைக்குள் போட்டார்.

"பயமில்லியா?" என்றார் சார்ஜன், தாழ்ந்த குரலில்.

"இருக்குங்க," என்றார் இராமர், மேசைக்கடியில் கழற்றிவிட்டிருந்த செருப்பை மாட்டிக்கொண்டே. "வெளிம்பு கூரு. ஒறைக்குள்ள கைய விடுறப்போ பாத்து விடுங்க."